கங்காரு வாலில் ஒரு மெட்ராஸ் முடிச்சு!

முடிச்சூர்னு ஒரு ஊர்ப் பேரை வெச்சுக்கிட்டு முடிச்சைப் பத்திப் பேசாம இருந்தா எப்படி பாஸ்? வெஸ்ட் தாம்பரத்துல ‘முடிச்சூர், முடிச்சூர்’னு ஷேர் ஆட்டோக்காரர் கூவுற அதே நேரத்துல, உலகத்தோட ஏதோ ஒரு மூலையில ஒருத்தர் நிஜமாவே மூலக்கூறைப் பிடிச்சு முடிச்சு போட்டுக்கிட்டு இருப்பார். விளையாட்டு இல்லை. 1989-ல் பிரான்ஸைச் சேர்ந்த ழான்-பியர் சொவாஜும் அவரோட குழுவும் ஒரு மூலக்கூறைச் சுத்தி வளைச்சு, மூணு இடத்துல குறுக்கே கடக்குற முடிச்சா போட்டுக் காட்டினாங்க. 2017-ல் மான்செஸ்டர்ல டேவிட் லீ குழு அதை எட்டு குறுக்குக்குக் கொண்டுபோச்சு. அந்த முடிச்சுக் கயிறோட மொத்த நீளமே 192 அணுதான்!

‘இதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்களா?’ன்னுதானே கேட்கறீங்க? தர்றாங்க. அந்தச் சம்பளத்தை வாங்கி, லேப்ல ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிளாஸ்க்கைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆள் பல நேரம் பேராசிரியர் இல்லை. ‘போஸ்ட்டாக்’னு ஒரு ஜீவன். இந்தக் கட்டுரை அவங்களைப் பத்தினது.

போஸ்ட்டாக்னா யாரு? பி.ஹெச்டி முடிச்சாச்சு. பேருக்கு முன்னாடி ‘டாக்டர்’ வந்தாச்சு. ஆனா வேலை? இன்னும் நிரந்தரமா கிடைக்கலை. நடுவுல ஒரு வருஷம், ரெண்டு வருஷம், சில பேருக்கு நாலஞ்சு வருஷம் வேற ஒரு பேராசிரியர் லேப்ல, வேற ஊர்ல, பெரும்பாலும் வேற நாட்டுல, ஒப்பந்தத்துல ஆராய்ச்சி பண்றதுதான் போஸ்ட்டாக். மாணவனும் இல்லை, வாத்தியாரும் இல்லை. பரீட்சையும் கிடையாது, பட்டமும் கிடையாது. கல்யாண வீட்டுல யாராவது பெரியப்பா ‘தம்பி என்ன பண்றாப்ல?’ன்னு கேட்டா, பெத்தவங்க ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு, ‘இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்’னு சொல்லுவாங்க பாருங்க... அந்த ஆள்தான்.

மேல சொன்ன முடிச்சு சமாச்சாரத்துக்குப் பேர் சூப்ராமாலிக்யூலர் கெமிஸ்ட்ரி. பேரைக் கேட்டதும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நம்ம மாதிரி இன்ஜினீயரிங் பசங்களுக்குக் கெமிஸ்ட்ரிங்கறது ஃபர்ஸ்ட் இயரோட தலை முழுகின விஷயம்தான். ஆனா அந்த ஃபர்ஸ்ட் இயர் லேப்லயே இதோட ஒண்ணுவிட்ட தம்பியைப் பார்த்திருக்கோம்.

தண்ணியோட கடினத்தன்மை கண்டுபிடிக்கிற எக்ஸ்பெரிமென்ட் ஞாபகம் இருக்கா? ப்யூரெட்ல ஈ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டா விட்டா, ஒயின் கலர்ல இருந்த தண்ணி திடீர்னு நீலமாகும். நம்மள்ல பாதிப் பேர் பக்கத்து டேபிள் ரீடிங்கை எழுதினோம், அது வேற கதை. அங்கே நடந்தது என்ன தெரியுமா? ஈ.டி.டி.ஏ. மூலக்கூறுக்கு ஆறு கை. தண்ணியில இருக்கிற கால்சியத்தை ஆறு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்குது. புறநகர்ல போர் தண்ணியில குளிச்சு முடி கொட்டுதேன்னு புலம்புறவங்களுக்குத் தெரியும், அந்தத் தண்ணியில கால்சியத்துக்குக் குறைச்சல் இல்லைன்னு!

இப்ப இந்தப் பிடியை இன்னும் கொஞ்சம் நாசூக்காக்கிக்கோங்க. பள்ளிக்கூடத்துல படிச்ச சகப்பிணைப்பு, வெல்டிங் வெச்ச மாதிரி. அணுவும் அணுவும் எலக்ட்ரானைப் பங்கு போட்டு ஒட்டிக்கும், சுலபத்துல பிரியாது. அந்த வெல்டிங் இல்லாம, ஒரு முழு மூலக்கூறு இன்னொரு முழு மூலக்கூறை ஹைட்ரஜன் பிணைப்பு மாதிரியான மெல்லிசான பிடிகளால சும்மா கோத்துக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான் இந்தத் துறையோட ஏரியா. பூ தொடுக்குற அம்மாக்களைப் பாருங்க. மல்லிக்கும் மல்லிக்கும் நடுவுல பசை கிடையாது, வெறும் நார்ச் சுத்துதான். ஆனா முழம் முழமா நிக்குது. பிரிக்கணும்னா பிரிச்சுடவும் முடியும். ஒரு பிடி தனியா பார்த்தா ஒண்ணுமே இல்லை. நூறு பிடி சேர்ந்தா உங்க உடம்பு.

இந்தத் துறை பிறந்த கதையிலயும் ஒரு ட்விஸ்ட் இருக்கு. டூபாண்ட் கம்பெனியில சார்லஸ் பெடர்சன்னு ஒரு கெமிஸ்ட். கொரியாவில் பிறந்தவர், அப்பா நார்வே, அம்மா ஜப்பான். ஒரு பொருளைத் தயாரிக்கப்போய், ஃபிளாஸ்க் அடியில வேண்டாத கழிவா வெறும் 0.4 சதவிகிதம் வெள்ளைப் படிகம் கிடைச்சுது. வேற யாராவது இருந்தா கழுவி ஊத்தியிருப்பாங்க. இவர் நோண்டினார். கிரீடம் மாதிரி ஒரு வளையம், நடுவுல பொட்டாசியத்தை உட்கார வெச்சுக்குற வளையம்! 1967-ல் அது வெளியானப்ப அவருக்கு வயசு 62. 1987-ல் டொனால்ட் க்ராம், ழான்-மாரி லேன் கூட நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டார். ட்விஸ்ட் என்னன்னா, பெடர்சன் பி.ஹெச்டியே பண்ணலை. அப்புறம் எங்கே போஸ்ட்டாக்?

ஆனா மத்தவங்க கதை அப்படி இல்லை. ‘சூப்ராமாலிக்யூலர் கெமிஸ்ட்ரி’ன்னு 1978-ல் பேர் வெச்ச லேன், 1963-ல் ஹார்வர்டுக்குப் போய் உட்வர்டுங்கற ஜாம்பவான்கிட்ட ஒரு வருஷம் போஸ்ட்டாக் இருந்தவர். அங்கே பார்த்தது வைட்டமின் பி12 தயாரிப்பு வேலை. 2016-ல் சொவாஜோட நோபல் பகிர்ந்த ஃப்ரேசர் ஸ்டாடர்ட், கனடாவுல சர்க்கரை வேதியியல்ல போஸ்ட்டாக் இருந்தப்பதான் பெடர்சனோட கட்டுரையைப் படிச்சார். வாழ்க்கையே திரும்பிடுச்சு. அதே பரிசோட மூணாவது ஆள் பென் ஃபெரிங்கா? போஸ்ட்டாக்கே வேண்டாம்னு நேரா ஷெல் கம்பெனி வேலைக்குப் போனவர். அதனால ‘இந்த ரூட்லதான் போகணும்’னு சத்தியம் பண்ண என்னால முடியாது. யாராவது பண்ணினா நம்பாதீங்க.

சரி, வெளிநாட்டுக்காரங்க கதை போதும். நம்ம ரயில் பாதையிலேயே ஒரு போஸ்ட்டாக் கதை இருக்கு. தாம்பரத்துல ஏறுங்க.

குரோம்பேட்டைக்கு ஏன் அந்தப் பேர்?

தாம்பரம், சானடோரியம், அடுத்தது குரோம்பேட்டை. தினமும் இறங்கி ஏறுறோம், யாராவது யோசிச்சோமா? ‘குரோம்’னா குரோமியமேதான்! 20-ம் நூற்றாண்டோட தொடக்கத்துல இங்கே வந்த குரோம் லெதர் கம்பெனிதான் ஊருக்குப் பேர் கொடுத்தது. தோலைக் குரோமியம் உப்புல ஊற வெச்சுப் பதப்படுத்துற முறைக்குப் பேர் குரோம் டேனிங்.

ஏன் ஊற வைக்கணும்? பச்சைத் தோல்ல இருக்கிறது முக்கியமா கொலாஜன்ங்கற புரதம். உங்க தோல், எலும்பு, தசைநாண், பல்லுன்னு எல்லா இடத்துலயும் இதுதான் கட்டுக்கம்பி. ஆனா அதைப் பிடிச்சு நிறுத்துறது ஹைட்ரஜன் பிணைப்புங்கற மெல்லிசுப் பிடிகள். சூடு பட்டா விட்டுடும். பச்சைத் தோலை அறுபது டிகிரி தாண்டின தண்ணியில போட்டா சுருண்டுடும். குரோமியம் உள்ளே போய், கொலாஜன் இழைகளுக்கு நடுவுல குறுக்குக் கம்பி கட்டுது. அப்புறம் கொதிக்கிற தண்ணியையே தாங்கும். உங்க ஷூ மழையில நனைஞ்சும் ஷூவாவே இருக்கிறதுக்கு அதுதான் காரணம். அந்தக் குரோமியத்துல மிச்சம் கழிவுநீரோட போச்சுங்கறதும், பல்லாவரம், நாகல்கேணி நிலத்தடி நீர் அதுக்கு விலை கொடுத்துச்சுங்கறதும் சந்தோஷமில்லாத இன்னொரு பக்கம்.

வீட்டுலயே டெஸ்ட் பண்ணணுமா? ஆட்டுக்கால் சூப் வெச்சா மறுநாள் காலையில ஃப்ரிட்ஜ்ல அல்வா மாதிரி ஆடுதே, அது என்னங்கறீங்க? அடுப்புச் சூட்டுல கொலாஜன் முறுக்கு பிரிஞ்சு தனித்தனி இழையாகுது. ஆறினதும் பழைய ஜோடியைத் தேடி அரைகுறையா கோத்துக்குது. ஜெலட்டின். திரும்பச் சூடு பண்ணுங்க, திரும்பத் தண்ணி. வெல்டிங்கா இருந்தா இப்படி நடக்குமா?

அந்த ‘முறுக்கு’ எப்படி இருக்கும்? எத்தனை இழை? இதுதான் 1950-கள்ல உலகமே மண்டையை உடைச்சுக்கிட்ட கேள்வி. பதில் ஆறு ஸ்டேஷன் தள்ளி, கிண்டியில கிடைச்சுது.

ஒரு கங்காரு, ரெண்டு பேர்

1952-ல் மெட்ராஸ் யுனிவர்சிட்டி இயற்பியல் துறைக்குத் தலைவரா வந்தார் ஜி.என்.ராமச்சந்திரன். சர்.சி.வி.ராமனோட மாணவர், கேம்பிரிட்ஜ் போய் வந்தவர். வரும்போது வயசு முப்பதுகூட முழுசா ஆகலை! அந்தச் சமயத்துல மெட்ராஸுக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், ‘கொலாஜனோட அமைப்பு இன்னும் சரியா தெரியலை’ன்னு பேச்சுவாக்குல சொன்னார். சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டார். இங்கே விதை விழுந்துடுச்சு.

கொலாஜனுக்கு எங்கே போறது? அடுத்த காம்பவுண்டுக்கு! அடையாறுல 1948-ல் ஆரம்பிச்ச மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துலயே இருந்தது. தோல்காரங்ககிட்ட கொலாஜனுக்கா பஞ்சம்? சுறாத் துடுப்பு உட்பட பலதையும் எக்ஸ்ரேயில வெச்சுப் பார்த்தாங்க. கடைசியில நல்ல தெளிவான படம் கொடுத்தது, கங்காரு வாலோட தசைநாண். (வண்டலூர் ஜூவுல இருந்து எடுத்தாங்களான்னு கேட்காதீங்க. வண்டலூர் ஜூ திறந்ததே 1985-ல்தான்.)

இந்த வேலையில ராமச்சந்திரன் கூட உட்கார்ந்தவர் கோபிநாத் கர்த்தா. கேரளத்துக்காரர், 1927-ல் பிறந்தவர். ராமச்சந்திரனோட முதல் போஸ்ட்டாக். 1954-ல் ‘நேச்சர்’ இதழ்ல கொலாஜன் கட்டுரை வெளியானப்ப அதுல இருந்த பேர் ரெண்டே ரெண்டு. ராமச்சந்திரன், கர்த்தா. ஒருத்தருக்கு 31, இன்னொருத்தருக்கு 27. நம்ம சீனியர் பசங்க வயசு, அவ்வளவுதான்.

அவங்க பிடிச்ச துப்பு அழகானது. கொலாஜன்ல இருக்கிற அமினோ அமிலங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒண்ணு கிளைசின். எல்லாத்துலயும் சின்னது அதுதான். ஏன் சரியா மூணுல ஒண்ணு? மூணு இழை ஒண்ணா முறுக்கினா நடுவுல இடுக்கு ரொம்பச் சின்னது. அந்த இடுக்குப் பக்கம் திரும்புற ஒவ்வொரு மூணாவது ஆளும் ஒல்லியா இருந்தாத்தான் உள்ளே அடங்கும். ஷேர் ஆட்டோவுல நடு சீட்டுக்கு ஒல்லியான ஆளைத் தேடுவாங்களே, அதே லாஜிக்! அப்ப கொலாஜன் மூவிழை. மூணு இழையும் ஒண்ணையொண்ணு ஹைட்ரஜன் பிணைப்பால பிடிச்சுக்குது.

அடுத்த வருஷம், 1955-ல், இன்னொரு படி போனாங்க. மூணு இழையும் நேரா நிக்கலை, அதுவும் சேர்ந்து சுத்துது. இதை ஜடைன்னு சொல்லிடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா ஜடையில இழை மேலயும் கீழயுமா மாறி மாறிப் போகும், இது அப்படி இல்லை. இது தேர் வடம். வடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கீங்களா? உள்ளே ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமா முறுக்கியிருக்கும், மொத்த வடமும் எதிர்ப் பக்கமா முறுக்கியிருக்கும். அதனாலதான் ஆயிரம் பேர் இழுத்தாலும் பிரியறதில்லை. கொலாஜனும் அதே டெக்னிக்தான். தனி இழை இடது பக்கம், மூணும் சேர்ந்து வலது பக்கம்.

இதை இன்னிக்கும் ‘மெட்ராஸ் ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்’னு சொல்றாங்க. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துல இருக்கிற அரங்கத்தோட பேரே ‘ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்’. விழாவுக்குப் போய் சமோசா சாப்பிட்டுட்டு வந்தவங்க, அடுத்த தடவை போர்டை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.

லேன் இந்தத் துறைக்குப் பேர் வைக்கிறதுக்கு 24 வருஷம் முன்னாடி நடந்தது இது. மூணு பெரிய மூலக்கூறு, வெல்டிங் இல்லாம, மெல்லிசுப் பிடிகளால ஒண்ணா நிக்குற கதை. சூப்ராமாலிக்யூலர் இல்லாம வேற என்ன? பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே பிறந்த குழந்தை!

கிரிக் வந்தார், சண்டை வந்தது

இங்கே என்ட்ரி கொடுக்கிறார் ஃப்ரான்ஸிஸ் கிரிக். ஆமா, டி.என்.ஏ. கிரிக்கேதான். 1955-லயே அவரும் அலெக்ஸாண்டர் ரிச்சும் ஒரு கட்டுரை போட்டாங்க. ‘மூவிழை சரிதான், ஆனா நீங்க ஒவ்வொரு மூணு அமினோ அமிலத்துக்கும் ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டிருக்கீங்க. அப்படிப் போட்டா அணுக்கள் ஒண்ணு மேல ஒண்ணு இடிக்கும். ஒண்ணுதான் சாத்தியம்’னாங்க.

கேம்பிரிட்ஜ்ல இருந்து இப்படி ஒரு அடி வந்தா நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? மெட்ராஸ்காரங்க பண்ணினது எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம். ‘இடிக்கும்னு சொல்றீங்களே, எவ்வளவு கிட்ட வந்தா இடிக்கும்?’னு தேட ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் வெளிவந்த படிக அமைப்புகளைத் தோண்டி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு நெருங்கலாம்னு கணக்கெடுத்தாங்க. அதுல இருந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்துல மடங்கலாம், எதுல மடங்கவே முடியாதுன்னு ஒரு வரைபடம். 1963-ல் வெளியான அந்தப் படம்தான் ‘ராமச்சந்திரன் ப்ளாட்’. இன்னிக்கு உலகத்துல எந்த லேப்ல ஒரு புதுப் புரத அமைப்பு வெளியிட்டாலும், அது சரியா இருக்கான்னு இந்தப் படத்துல வெச்சுத்தான் செக் பண்றாங்க. திட்டு வாங்கினதுல இருந்து ஒரு கருவி!

சண்டையில ஜெயிச்சது யாரு? 1994-ல் ஹெலன் பெர்மன் குழுவைச் சேர்ந்தவங்க கொலாஜன் மாதிரி ஒரு சின்ன மூவிழையைப் படிகமாக்கி, அணு அணுவா பார்த்தாங்க. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒண்ணுதான் இருந்தது. அந்த எண்ணிக்கையில ரிச்-கிரிக் சொன்னது சரி. ஆனா அந்த மூவிழையைச் சுத்தித் தண்ணி மூலக்கூறுகள் பாலம் போட்டு இழைகளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தன. தண்ணி வழியா பிணைப்பு வரலாம்னு 1968-லயே ராமச்சந்திரனும் ஆர்.சந்திரசேகரனும் எழுதியிருந்தாங்க. ஸ்கோர் போர்டை நீங்களே எழுதிக்கோங்க.

பேர் யாருக்கு?

இப்பதான் எனக்கு உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். ராமச்சந்திரன் ப்ளாட் கட்டுரையில மூணு பேர் இருக்காங்க. ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன். படத்துக்கு வெச்ச பேர்ல ஒருத்தர்தான். மூவிழை கட்டுரையில ரெண்டு பேர். பயோடெக் படிக்கிற உங்க ஃப்ரெண்டைக் கூப்பிட்டு ‘கர்த்தா யாரு?’ன்னு கேளுங்க. ‘சொத்துக்கா, கம்பெனிக்கா?’ன்னு பதில் வந்தா ஆச்சரியப்படாதீங்க.

ராமச்சந்திரன் பறிச்சுக்கிட்டார்னு சொல்ல வரலை. அவர் கட்டுரையில கர்த்தா பேர் பளிச்னு இருக்கு. உலகம்தான் சோம்பேறி, ஒரு பேருக்கு மேல ஞாபகம் வெச்சுக்காது. பெரிய பேருக்குப் பக்கத்துல நிக்கிற போஸ்ட்டாக் பேர்தான் முதல்ல உதிரும். இந்த வேலைக்குப் போறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டே போகணும்.

கர்த்தா அதுக்காக முடங்கிப்போகலை. அமெரிக்கா போனார். பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க்ல, ரிபோநியூக்ளியேஸ்ங்கற நொதியோட அமைப்பை 1967-ல் பெல்லோ, ஹார்க்கர்னு ரெண்டு பேரோட சேர்ந்து வெளியிட்டார். அமெரிக்காவுல கண்டுபிடிச்ச முதல் புரத அமைப்பு அது. இந்தத் தடவை கட்டுரையில முதல் பேர் கர்த்தா! 1984-ல், 57 வயசுல காலமானார்.

இன்னொரு நம்ம ஊர் ஆள், சிதம்பரத்துல 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரிபோசோம்னு ஒரு சமாச்சாரம், நம்ம செல்லுக்குள்ளே புரதம் தயாரிக்கிற ஃபேக்டரி. அதுவும் டஜன் கணக்குல மூலக்கூறுகள் கைகோத்து நிக்குற கூட்டணிதான். யேல்ல பீட்டர் மூர்கிட்ட போஸ்ட்டாக் இருந்தப்பதான் இவர் அதுல கால் வெச்சார். போஸ்ட்டாக் முடிஞ்சதும் பேராசிரியர் வேலைக்குச் சுமார் 50 இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டார். கிடைச்சது? ஜீரோ! கேம்பஸ்ல ரெண்டு கம்பெனி ரிஜெக்ட் பண்ணினதுக்கே ஹாஸ்டல் மெஸ்ஸைப் புறக்கணிக்கிறவங்க கவனிக்க. அப்புறம் தேசிய ஆய்வகங்கள்ல வேலை பார்த்து, அதே ரிபோசோமுக்கு 2009-ல் வேதியியல் நோபல்.

ஆனா ஒண்ணு. இந்தக் கதையைச் சொல்லி ‘நீயும் பொறுத்துக்கோ, நோபல் வரும்’னு யாராவது சொன்னா எனக்குக் கோபம்தான் வரும். ஐம்பது இடத்துல ரிஜெக்ட் ஆகி நோபல் வாங்காதவங்க கதையை எந்தப் பத்திரிகையும் போடறதில்லை. அவங்கதான் அதிகம்.

பணம் எவ்வளவு பாஸ்?

இந்தக் கேள்வியைக் கேட்காம விட்டா எங்க எடிட்டர் விடமாட்டார். இந்தியாவுல ரிசர்ச் அசோசியேட்னு எடுத்தாங்கன்னா, மத்திய அரசு 2023 ஜனவரி 1-ல் இருந்து நிர்ணயிச்ச தொகை, மூணு படியா மாசம் 58,000, 61,000, 67,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. பி.ஹெச்டி சேரும்போது ஜே.ஆர்.எஃப். 37,000. தேசிய போஸ்ட்டாக்டோரல் ஃபெலோஷிப்னு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குத் தர்றாங்க. முன்னாடி எஸ்.இ.ஆர்.பி. கொடுத்தது, இப்ப அந்த அமைப்பு ஏ.என்.ஆர்.எஃப்-க்குள்ளே போயாச்சு. வயசு வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருஷம் தளர்வு உண்டு. வெளிநாட்டுக்கு ஜெர்மனியோட ஹம்போல்ட், ஜப்பானோட ஜே.எஸ்.பி.எஸ். மாதிரி பெரிய ஃபெலோஷிப்கள் இருக்கு. ரெண்டுலயும் அதிகபட்சம் ரெண்டு வருஷம்தான், பி.ஹெச்டி முடிச்சு இத்தனை வருஷத்துக்குள்ளேதான் அப்ளை பண்ணணும்னு கெடுவும் உண்டு.

அந்த 35-ஐ இன்னொரு தடவை பாருங்க. பி.ஹெச்டி முடிக்க 28, 29 ஆயிடும். போஸ்ட்டாக் பண்ற வயசும், கல்யாணம், குழந்தை, ‘ஒரு ஃப்ளாட் புக் பண்ணலாமா?’ வயசும் ஒண்ணேதான். ரெண்டு வருஷ ஒப்பந்தத்தைக் காட்டினா ஹோம் லோன் ஆபீஸர் எப்படிப் பார்ப்பார்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். ‘ரெண்டு வருஷம் ஜப்பான் போறேன்’னு மகன் சொன்னா கேக் வெட்டுற வீடு, மகள் சொன்னா ஜாதகத்தை எடுக்குது. அஞ்சு வருஷத் தளர்வு ஃபார்ம்ல இருக்கு, வீட்டுல யார் தருவாங்க?

அப்புறம் ஏன் போறாங்க? ஒரு உதாரணம். ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல வேதியியல் பேராசிரியரா இருக்கிற திலீப் குமார் சந்த், ஜப்பான்ல மகோடோ ஃபுஜிடா குழுவுல வேலை பார்த்தவர். ஃபுஜிடா யாருன்னா, 1990-ல் பல்லேடியம் உலோகத்தை மூலையாவும், நீளமான கரிம மூலக்கூறைக் குச்சியாவும் கலந்துவிட்டு, அதுவா நாலு மூலை நாலு குச்சிச் சதுரமா கூடிக்கிறதைக் காட்டினவர். கம்பெடுத்துக் கட்ட வேண்டாம். கலக்கினா போதும், மூலக்கூறுகளே இடம் பார்த்து உட்காரும். 2001-ல் அந்தக் குழுவோட வெளியான ஒரு கட்டுரையில சந்த்தோட பேரும் இருக்கு. விஷயம் என்ன? பல்லேடியம் கூண்டு, உள்ளே ஒரு நைட்ரேட் கைதி! இன்னிக்கு அதே பல்லேடியம் கூண்டு வேலை கிண்டி மான் காட்டுக்குப் பக்கத்துல நடக்குது. ஒரு லேப்ல கை பழகின வித்தை, இன்னொரு ஊர்ல புது லேபா முளைக்குது. போஸ்ட்டாக்ங்கற ஏற்பாடு ஓடுறதே இதனாலதான். புத்தகத்துல எழுதாத நுணுக்கம் ஆள் மூலமாத்தான் கண்டம் தாண்டும்.

இதைப் படிக்கிறவங்கள்ல நூத்துல ரெண்டு பேருக்காவது ‘நாம போனா என்ன?’ன்னு ஒரு அரிப்பு வந்திருக்கும். பி.ஹெச்டி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துற கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு காலேஜ்ல இருக்கும்போதே அப்ளை பண்ணலாம், இன்ஜினீயரிங் பசங்களும் பண்ணலாம். ரெண்டு மாசம் ஒரு நிஜ லேப்ல நின்னு பார்த்தா, அந்த வாசனை உங்களுக்கு ஒத்துக்குமா, குமட்டுமான்னு தெரிஞ்சுடும்.

அப்படியே போய்ச் சேர்ந்து, பி.ஹெச்டியும் முடிச்சு, ஒரு நாள் ஏதோ ஒரு பெரிய பேராசிரியருக்கு போஸ்ட்டாக் கேட்டு மெயில் போடுவீங்க. அவர் ‘வா’ன்னு சொன்னதும் டிக்கெட் போட்டுடாதீங்க. லேப்ல என்ன மெஷின் இருக்கு, எத்தனை பேப்பர் வந்துருக்குன்னு எல்லாரும் கேட்பாங்க. நீங்க இன்னொண்ணும் கேளுங்க: ‘உங்ககிட்ட முன்னாடி இருந்த போஸ்ட்டாக் எல்லாம் இப்ப எங்கே இருக்காங்க சார்?’ முதல் மெயில்லயே வேண்டாம். ரெண்டாவது மெயில்ல கேளுங்க. டக்குனு பத்துப் பேர் பேரைச் சொல்றாரா, யோசிக்கிறாரான்னு பாருங்க.